பெரியப்பா வீட்டு மாடிக்கு வந்த வாடகை

போன ஆடியில் ஒருநாள் காலை பெரியப்பாவிடமிருந்து போன். "டேய், நம்ம மாடிக்கு ஆள் வந்திருக்குடா, மாசம் எட்டாயிரம் தர்றேங்குறான்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த மாடியில் இருப்பது ஒரு சின்டெக்ஸ் தொட்டி, இரண்டு கொடிக்கயிறு, பெரியம்மா வடகம் காயப்போடும் பழைய வேட்டி, அவ்வளவுதான். அங்கே யார் வந்து குடியிருப்பார்கள்? கேட்டால், குடிவரப்போவது 30 அடி நீளம், 20 அடி உயரத்தில் ஒரு விளம்பரப் பலகை.

வீடு இருப்பது டெல்டாவில் ஒரு நகராட்சி. ஊர்ப் பெயர் வேண்டாம், பெரியப்பா இன்னும் அங்கேதான் நடமாட வேண்டியிருக்கிறது. பேருந்து நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்குத் திரும்பும் முக்கில் வீடு. கும்பகோணம் போகிற பஸ்ஸும், தஞ்சாவூர் போகிற பஸ்ஸும், திருவாரூர் போகிற பஸ்ஸும் அந்த முக்கில் ஒரு நிமிஷம் திணறித்தான் திரும்பும். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து பார்த்தால் கண்ணில் படுவது பெரியப்பா வீட்டு மாடி. விளம்பரக் கம்பெனிக்காரர் அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் எட்டாயிரம் தருகிறார் என்பது பெரியப்பாவுக்குப் புரியவில்லை, மாடி சும்மா கிடக்கிறது, வாடகை வருகிறது, அவ்வளவுதான் அவர் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தேன். அதற்குள் அட்வான்ஸ் 25,000 வாங்கியாகிவிட்டது, அது குறுவை நடவுக் கூலிக்கும் போய்விட்டது. மாடியில் நாலு இடத்தில் துளை போட்டு, பிளேட் வைக்க அளவெடுத்து சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டிருந்தார்கள். ஒப்பந்தம் 20 ரூபாய் பத்திரத்தில் இருந்தது. ஐந்து வருஷம், வருஷத்துக்கு ஐந்து சதவீதம் ஏற்றம், கரண்ட் செலவு கம்பெனியுடையது. அனுமதி பற்றி ஒரே ஒரு வரி: உரிய அனுமதிகள் "தேவைப்படும் பட்சத்தில்" பெற்றுக்கொள்ளப்படும். யார் பெறுவார்கள் என்று இல்லை, பெறாவிட்டால் என்ன ஆகும் என்றும் இல்லை. தேவைப்படும் பட்சத்திலாம்! நம்மூர் ஒப்பந்தங்களில் இந்த மாதிரி நைசான வார்த்தை ஒன்று இல்லாமல் இருக்காது.

"பெர்மிஷன் எல்லாம் அவனே பாத்துப்பான்டா" என்றார் பெரியப்பா.

சரி, யார் பார்த்துக்கொள்வது என்று நானே உட்கார்ந்து படித்தேன். வக்கீல் இல்லை நான், பத்திர எழுத்தர் வீட்டுப் பிள்ளை, அந்தத் தைரியம்தான். படித்ததில் முதலில் என்னை நிறுத்தியது "விளம்பரப் பலகை" என்றால் என்ன என்று சட்டம் சொல்லும் விளக்கம். சென்னைக்கான பழைய மாநகராட்சிச் சட்டத்தில் சேர்த்த அத்தியாயத்தின்படி, பொது இடமோ தனியார் இடமோ, நிலமோ கட்டடமோ சுவரோ, எதன் மேல் நின்றாலும் சரி, பொதுமக்கள் கண்ணுக்கு முழுசாகவோ கொஞ்சமாகவோ தெரிந்தால் அது விளம்பரப் பலகை. அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும் அதில் அடக்கம். அதாவது இடம் யாருடையது என்று சட்டம் முதலில் கேட்பதில்லை, யார் பார்வையில் படுகிறது என்றுதான் கேட்கிறது. "என் மாடி, என் இஷ்டம்" என்ற பேச்சு அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

இதை எதிர்த்து விளம்பரக் கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். தனியார் கட்டடத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு வைக்கிறோம், இது எங்கள் பேச்சுரிமை, தொழில் உரிமை என்பது வாதம். 2008-ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அப்புறம் சென்னையில் வரிசையாகப் பலகைகளை இறக்கினார்கள், அண்ணா சாலையில் பல வருஷமாக மறைந்திருந்த பழைய கட்டடங்களின் முகப்பு எல்லாம் திடீரென்று தெரிந்தது. எனக்கு அப்போது சென்னையில் வேலை. பஸ்ஸில் போகும்போது, ஓ, இங்கே இப்படி ஒரு கட்டடம் இருந்ததா என்று பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

டெல்டாவுக்கு வருவோம். நகர உள்ளாட்சிகளுக்கு 2003-ல் வந்த பலகை உரிம விதிகளிலேயே, பள்ளிக்கூடம், மக்கள் கூடும் வழிபாட்டுத் தலம், உள்நோயாளிகள் தங்கும் மருத்துவமனை இவற்றின் முன்னால் பலகை கூடாது, சாலைச் சந்திப்பிலிருந்து இரண்டு பக்கமும் 100 மீட்டருக்குள் கூடாது, வரலாற்று முக்கியத்துவமோ அழகோ உள்ள இடத்தின் முன்னாலும் கூடாது என்று இருந்தது. இதைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது. கும்பகோணத்து வரைபடத்தை எடுத்து, ஒவ்வொரு சந்திப்பிலும் காம்பஸ் வைத்து 100 மீட்டர் வட்டம் போட்டு, ஒவ்வொரு கோயில் முன்னாலும் ஒரு கோடு போட்டு, பள்ளிக்கூடம் நர்சிங் ஹோம் எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள், மிச்சம் என்ன இருக்கும்? மகாமகக் குளத்துத் தண்ணீர்தான் மிச்சம். ஆனால் ஊருக்குள் நடந்தால் பட்டுப்புடவைக்காரரும் நகைக்கடைக்காரரும் கோபுரத்துக்குப் போட்டியாக நிற்கிறார்கள். எங்கள் தாத்தா காலத்தில், எங்கோ தூரத்தில் வரும்போதே கோபுரம் தெரிந்துவிடும், ஊர் வந்துவிட்டது என்று பையை எடுத்து மடியில் வைப்பார்களாம். இப்போது கோபுரத்துக்கு முன்னால் ஒரு பெரிய நெக்லஸ் வருகிறது.

மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களுக்கு விதி இன்னும் கடுமை. தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மூன்றும் அந்தக் கணக்கில் வரும். தொல்லியல் இடங்களுக்கான சட்டத்தில் 2010-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்த பகுதி, அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டர் ஒழுங்குபடுத்திய பகுதி. "கட்டுமானம்" என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம், எந்த அமைப்பை எழுப்பினாலும் அடக்கிவிடும் அளவுக்கு அகலம். மாடியில் எழுப்பும் இரும்புச் சட்டமும் அதில் வருமா என்றால், வரும் என்றுதான் என் புத்திக்குப் படுகிறது. தாராசுரத்துப் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் ஒரு கழிப்பறை கட்டுவதற்கே எத்தனை அலைச்சல் பட வேண்டியிருக்கிறது என்று அவர்களைக் கேட்டால் தெரியும். நல்லவேளை, பெரியப்பா வீட்டுக்குப் பக்கத்தில் சோழர் யாரும் எதையும் கட்டவில்லை.

ஒரு சின்ன குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். வீடு கட்ட வரைபட அனுமதி என்பது 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம், கட்டட விதிகள் வழியாக வருகிறது. அங்கே பக்கத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும், எத்தனை மாடி, உயரம் என்று எல்லாம் உண்டு. விளம்பரப் பலகை உரிமம் தனியாக, உள்ளாட்சிச் சட்டம் வழியாக வருகிறது. முன்பு ஆட்சியரிடம் போக வேண்டியிருந்தது, இப்போது உள்ளாட்சி ஆணையர். ஒன்று இருக்கிறது என்பதற்காக இன்னொன்று இருப்பதாக ஆகாது. பெரியப்பா, "வீட்டுக்கு அப்ரூவல் இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்று கேட்டது இந்தக் குழப்பத்தில்தான். (வீடு கட்டியது 1962-ல். அப்ரூவல் தாளைப் பீரோவிலிருந்து எடுத்துக் காட்டினார், கரையான் பாதி படித்து முடித்திருந்தது.)

இங்கிலாந்தில் இதை ஊரமைப்புச் சட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். 2007-ல் வந்த விதிகளின்படி, ஒரு விளம்பரத்துக்கு அனுமதி தரலாமா என்று பார்க்கும்போது இரண்டே விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்ளலாம்: அந்த இடத்தின் அழகு, சூழல் கெடுமா, போகிறவர் வருகிறவருக்கு ஆபத்தா. என்ன விற்கிறார்கள், யார் படம் என்பதெல்லாம் அங்கே கேள்வியே இல்லை. கடை வாசல் பெயர்ப்பலகை மாதிரிச் சின்னவற்றுக்கு, அளவுக்குள் இருந்தால், விண்ணப்பமே வேண்டாம். நம் ஊரில் நேர்மாறு. பலகை எவ்வளவு பெரிசு, எங்கே நிற்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை, அதில் யார் சிரித்துக்கொண்டிருக்கிறார் என்பதைப் பார்த்துத்தான் இறக்குவதா விடுவதா என்று முடிவாகிறது. பிரேசிலில் சாவ் பாவ்லோ நகரம் 2007-லிருந்து ஊர் முழுக்க வெளிப்புற விளம்பரத்தையே தடை செய்துவிட்டது. அதெல்லாம் நமக்கு ஒத்துவருமா என்று கேட்டால், பந்தக்கால் நட்டவுடன் பேனருக்கு ஆர்டர் கொடுக்கிற ஊரில் ஒத்துவராது என்பேன். ஆனாலும் ஆசையாகத்தான் இருக்கிறது.

இந்த அழகுப் பேச்செல்லாம் பெரியப்பாவிடம் எடுபடவில்லை. "கோபுரம் தெரியலேன்னா கிட்ட போய்ப் பாக்கட்டும்" என்றுவிட்டார். எடுபட்டது காற்றுக் கணக்கு.

என்னோடு படித்த சிவில் இன்ஜினியர் ஒருவன் பக்கத்துத் தெரு. அவனைக் கூட்டி வந்தேன். மாடியைச் சுற்றிப் பார்த்தான், காலால் தட்டிப் பார்த்தான், கீழே வந்து கூடத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தான். அது மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளுக்கு மேலே செங்கல்லைச் சாய்த்து நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டி, அதன் மேல் செங்கல்ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாள்கணக்கில் அடித்து, தட்டை ஓடு பதித்தது. மேலிருந்து கீழே வரும் பாரத்தை அறுபது வருஷமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் பலகை கொடுப்பது வேறு மாதிரி பாரம். காற்று பலகையைத் தள்ளும்போது முன்கால் அழுத்தும், பின்கால் கூரையைப் பிடுங்கிக்கொண்டு மேலே வரப் பார்க்கும். பிடுங்குவதைத் தாங்க அந்தக் கூரையில் கம்பியே கிடையாது.

மேஜையில் கிடந்த கல்யாணப் பத்திரிகையின் உறையைத் திருப்பி அதில் போட்டுக் காட்டினான். கட்டடங்களுக்குக் காற்றுப் பாரம் பார்க்க ஐ.எஸ். 875 மூன்றாம் பாகம் என்று ஒரு இந்தியத் தரநிலை உண்டாம். அடிப்படைக் கணக்கு எளிது: காற்று வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, வருவதை 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு விழும் அழுத்தம் நியூட்டனில் வரும். 30 அடிக்கு 20 அடி என்றால் 600 சதுர அடி, அதாவது கிட்டத்தட்ட 56 சதுர மீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டர் காற்றில் சுமார் 650 கிலோ தள்ளுகிறது. 100 கிலோமீட்டர் என்றால் இரண்டு மடங்காகத்தானே ஆக வேண்டும் என்று நினைத்தேன், நாலு மடங்கு. இரண்டரை டன்னுக்கு மேல். அதுவும் பலகையின் வடிவத்துக்காகச் சேர்க்க வேண்டிய கணக்கெல்லாம் சேர்க்காமல்.

"இரண்டரை டன்னுன்னா எவ்ளோடா?" என்று கேட்டார் பெரியப்பா.

"நாப்பது கிலோ நெல் மூட்டை அறுபத்தஞ்சு, பெரியப்பா. அத்தனையும் கயித்துல கட்டி உங்க கைப்பிடிச் சுவத்தைப் புடிச்சு ஒரே நேரத்துல இழுக்குற மாதிரி" என்றான்.

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருக்குக் காற்றைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா கரையேறியபோது வேதாரண்யம் பக்கம் இருந்த எங்கள் தென்னந்தோப்பில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. கடலுக்கு அத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு, வருஷா வருஷம் ஐப்பசி கார்த்திகையில் எந்த ஊரில் கரையேறுமோ என்று ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரர் நாம். "ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்னு சொல்லுவாங்க" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். வெளியே ஆடிக்காற்றுதான் அடித்துக்கொண்டிருந்தது.

கணக்கு புரிந்தவருக்குச் செய்தியும் சொன்னேன். 2024 மே 13, மும்பை காட்கோபர். பெட்ரோல் பங்க் மேல் விழுந்த பலகை 120 அடிக்கு 120 அடி, அந்த மாநகராட்சி அனுமதிக்கும் அளவு 40-க்கு 40. 17 பேர் போனார்கள். அது எங்கோ மும்பை என்றால், 2023 ஜூன் 1 கோவை கருமத்தம்பட்டி. பலகை ஏற்றிக்கொண்டிருந்தபோதே காற்று வந்து இரும்புச் சட்டம் சரிந்து மூன்று தொழிலாளிகள் செத்துப்போனார்கள். அதையொட்டித்தான், அனுமதி இல்லாத பலகைக்குக் கம்பெனி, தனிநபர், இடத்துக்காரர் யாராக இருந்தாலும் 3 ஆண்டு சிறை அல்லது 25,000 ரூபாய் அபராதம் என்று அரசு அறிவித்தது. இடத்துக்காரர் என்ற வார்த்தையைப் படித்துக் காட்டினேன். "அட்வான்ஸும் இருபத்தஞ்சு, அபராதமும் இருபத்தஞ்சா" என்றார். கிண்டல் செய்கிற நிலைக்கு வந்துவிட்டார் என்றால் வழிக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பேனர் என்றால் எல்லோருக்கும் 2019 செப்டம்பர் 12 ஞாபகம் வரும், சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த கல்யாண பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன 23 வயது பெண் தண்ணீர் லாரியில் மாட்டிய நாள். அதற்கு முன்பும் உயர் நீதிமன்றம் எத்தனையோ உத்தரவு போட்டிருந்தது, டிராஃபிக் ராமசாமி என்ற பெரியவர் தள்ளாத வயதில் தன் கையாலேயே பேனர்களைக் கிழித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தன். ஆனால் நாம் கோபப்பட்டதெல்லாம் சவுக்குக் கட்டையில் கட்டி நாலு நாளில் கழற்றுகிற பேனர் மீதுதான். மாடி மேல் ஆங்கிளும் சேனலும் வெல்டு வைத்து வருஷக்கணக்கில் நிற்பது, துரு ஏறிக்கொண்டே, நட்டு தளர்ந்துகொண்டே, நம் கண்ணில் ஒரு கட்டடம் மாதிரி ஆகிவிட்டது. பேனரில் ஓட்டை போட்டுக் காற்றுக்கு வழி விடுவார்கள், அந்த அளவு அறிவுகூடப் பல மாடிப் பலகைகளில் காணோம்.

எதிர்வீட்டு டீச்சரும் தன் பங்குக்கு வந்து ஒன்று சொன்னார், அது எந்த விதியிலும் நான் படிக்காதது. அவர் வீட்டுக்குப் பின்னால் இன்னொரு கட்டடத்தில் ஏற்கெனவே ஒரு பலகை இருக்கிறது, ராத்திரி முழுக்க ஃபோகஸ் லைட். சம்பா வளர்கிற நேரத்தில் வயலிலிருந்து பச்சைத் தத்துப்பூச்சி அத்தனையும் அந்த வெளிச்சத்துக்கு வந்துவிடுமாம். ஜன்னலைச் சாத்தினாலும் தட்டில் விழும், சோற்றில் விழும், ராத்திரி ஏழு மணிக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார்களாம். வேளாண்மைத் துறை வயலில் விளக்குப்பொறி வைக்கச் சொல்லும், இங்கே ஊருக்கு நடுவே இலவசமாக வைத்திருக்கிறார்கள். "உங்க மாடியிலயும் ஒண்ணு வந்துச்சுன்னா நாங்க கொசுவலைக்குள்ளதான் உக்காந்து சாப்பிடணும் சார்" என்றார் டீச்சர். பெரியப்பாவை மடக்கியதில் காற்றுக் கணக்குக்கு முக்கால் பங்கு என்றால் டீச்சருக்குக் கால் பங்கு.

அட்வான்ஸைத் திருப்பிக் கொடுப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. பணம் என் கணக்கிலிருந்து பாதி, பெரியம்மா சீட்டுப் பணத்திலிருந்து பாதி. கம்பெனிக்காரர் முதலில் குரலை உயர்த்தினார், ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்றார். உரிம விண்ணப்பத்தின் நகலையும், கட்டட உறுதிச் சான்று தந்த இன்ஜினியரின் கையெழுத்தையும் காட்டுங்கள், பலகையை வையுங்கள் என்றேன். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று போனவர், பத்து நாள் கழித்து வந்து பணத்தை வாங்கிக்கொண்டு பத்திரத்தைக் கிழித்துப் போட்டார். சண்டை இல்லை. போகும்போது பெரியம்மாவிடம் மோர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார். அடுத்த மாதமே நாலு வீடு தள்ளி ஒரு லாட்ஜ் மாடியில் இரும்புச் சட்டம் ஏறிவிட்டது, அதுவும் முக்கிலிருந்து 100 மீட்டர் இருக்காது. நகராட்சிக்கு ஒரு மனு எழுதிப் போட்டிருக்கிறேன், ஒப்புகைச் சீட்டு பத்திரமாக இருக்கிறது.

மாடியில் அந்த நாலு துளை மட்டும் மிச்சம். சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் சேர்த்துப் பூசத் தெரிந்த கொத்தனார் இப்போது யார் இருக்கிறார்? சிமெண்ட் வைத்து அடைத்தோம். ஐப்பசி மழையில் கூடத்தில் ஒரு மூலையில் சொட்டுகிறது, பெரியம்மா அங்கே ஒரு குண்டான் வைத்திருக்கிறார்.

இன்னொன்றும் மிச்சம். முதல்நாள் வந்தபோதே, நல்லபடியாக இருக்கட்டும் என்று கம்பெனிக்காரர் வேறெங்கோ இறக்கிய ஒரு பழைய ப்ளெக்ஸைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், மழைக்கு ஆகும் என்று. கஜாவுக்கு அப்புறம் கூரை போன எத்தனையோ வீடுகளில் இந்தச் சீட்டுதான் கூரையாக இருந்தது, அதனால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. குறுவை அறுத்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் கொட்டி, முறை வருவதற்காகப் பெரியப்பா காத்திருந்தபோது நானும் போயிருந்தேன். ஈரப்பதம் அதிகம் என்று இரண்டு நாளாக எடுக்கவில்லை, மேலே தூறல். அம்பாரத்தின் மேல் அந்த ப்ளெக்ஸ் விரித்துக் கிடந்தது, நகைக்கடைப் பெண் ஒருத்தி தலைகீழாக வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், அவள் கழுத்து ஆரத்தில் ஒரு குடம் தண்ணீர் தேங்கி நின்றது. பெரியப்பா ஒரு மூங்கில் கழியை எடுத்து, நெல் நனையாமல், ஓரமாக அதைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்.